ஜனம் இல்லாத இடத்துக்கு மட்டும் துப்பாக்கி

மனு எழுதிப் பிழைக்கிறவனைத் தேடி சந்தோஷமாக இருக்கிறவன் எவனும் வருவதில்லை. ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போனவனும் பட்டாவில் அப்பன் பெயர் மாறிப்போனவனும்தான் நமக்கு வாடிக்கை. ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், இருபத்தாறு வருஷம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. இங்கிலீஷைக் கற்றுக்கொண்டது படிவங்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படித்துத்தான். அதனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் யாரையும் நலம் விசாரிக்க முடியாது. எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்ல முடியும்.

பிள்ளைப்பாக்கம் ஏகாம்பரத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அந்த மேசைக்கு எதிரில்தான். 1991, மார்கழி மாதம், காலை பத்தரை மணி. கைத்துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க வந்திருந்தார். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். ஆயுதம் எதற்குத் தேவை என்று கேட்கும் கட்டம் மட்டும் பாக்கி. போன தடவை அதில் ‘பங்காளியால் உயிருக்கு ஆபத்து’ என்று எழுதியிருந்தோம். இந்தத் தடவை என்ன எழுத என்று கேட்டேன். அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். அரசாங்கக் கட்டத்துக்கு முன்னால் இப்படி விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நாமெல்லாம் ஒரே கட்சி. கடைசியில் சொன்னார்: “நாளைக்கு வந்து சொல்றேன் வாத்தியாரே. அத்த மட்டும் அப்டியே வுட்டு வைங்க.”

பின்பக்கத்துப் பொடி எழுத்து

ஏகாம்பரத்துக்கும் அவர் பங்காளி துலுக்காணத்துக்கும் ஒரே கிணறு, அதில் ஆளுக்குப் பாதி. நெடுஞ்சாலை ஓரமாகக் கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டு வந்தபோது ஏகாம்பரம் தன் நிலத்தோடு கிணற்றில் தன் பாதியையும் விற்றுவிட்டார். மீதிப் பாதிக் கிணற்றை வைத்துக்கொண்டு துலுக்காணம் என்ன செய்வார்? பஞ்சாயத்தில் எழுந்து, “ஒரு நாளு ஜனத்துக்கு நடுவுல வச்சி உன்ன வெட்டல, என் பேரு துலுக்காணம் இல்ல” என்று சொல்லிவிட்டு, மறைமலை நகருக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். அவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கோபத்துக்காக லீவு போடுகிற ஆள் இல்லை.

ஏகாம்பரம் நேரே என்னிடம் வந்தார். நான் எழுதினேன். போலீஸ் விசாரித்து, கலெக்டர் ஆபீஸில் எட்டு மாதம் தூங்கி, லைசென்ஸ் வந்தது. அதன் பின்பக்கத்தை நான் அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். தனி அனுமதி இல்லாமல் இந்த ஆயுதத்தைத் திருவிழாவுக்கோ சந்தைக்கோ சாமி ஊர்வலத்துக்கோ பொதுக்கூட்டத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எடுத்துப்போகக் கூடாது. மறைத்து வைத்துக்கொண்டு போனாலும் குற்றம்தான். அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். முகம் தொங்கிவிட்டது. “அவன் ஜனத்துக்கு நடுவுல வெட்றேன்னு கீறான். சர்க்காரு ஜனம் இல்லாத எடத்துல வச்சிக்கோன்னு சொல்து. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினாங்களா வாத்தியாரே?”

முந்நூறு இலை

அடுத்த மாதமே ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அவர் மச்சினன் மகள் கல்யாணம், துலுக்காணத்துக்கும் அழைப்பு உண்டு. கல்யாணம் பொதுக்கூட்டமா, குடும்ப விசேஷமா என்பது கேள்வி. பொடி எழுத்தில் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களின் வேலை. ஆகவே உள்ளே போய், ஆயுத லைசென்ஸ் பைல்களைப் பார்க்கும் கிளார்க்கைக் கேட்டேன்.

அவர் பத்திரிகையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டார். சாப்பாடு யார் சமையல் என்று கேட்டார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, சுப்ரீம் கோர்ட்டே எழுந்து நின்று சொல்வதுபோலத் தீர்ப்புச் சொன்னார்: “முந்நூறு எலைக்கு மேல போனா பொதுக்கூட்டம். கீழ இருந்தா குடும்பம். வடை போட்டா மட்டும் எனக்குச் சொல்லி அனுப்பு.”

ஆரஞ்சு இல்லாத பார்வை

1991-இல் தேர்தல் வந்தது. தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். தாலுகாவில் இருந்த ஏழெட்டுத் துப்பாக்கிகளும் வரிசையாகப் போயின. மற்றவர்கள் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறந்துபோனார்கள். ஏகாம்பரம் மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு தரம் ஸ்டேஷனுக்குப் போய், “பத்திரமா கீதா சார்?” என்று கேட்டுவிட்டு வருவார். போகும்போதும் வரும்போதும் சைக்கிளில் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில், ஒருமுறை பால்காரர் மேல் போய் மோதினார்.

அந்த ஸ்டேஷன் ஏட்டு ஒரு நாள் என் மேசையில் வந்து உட்கார்ந்து டீ குடித்தார். ஏகாம்பரம் எதிரே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏட்டு டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: “ஆஸ்பத்திரில கீற பொண்டாட்டியப் பாக்க வர்ற மாதிரியே வர்றாருய்யா. ஆரஞ்சுப் பழம் மட்டுந்தான் வாங்கினு வரல.”

தேங்காய் மூடி

அந்தச் சிரிப்பில் நான் சேரவில்லை. அதற்கு முந்தின வருஷம் நானே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனவன். திரும்பி வரும்போது கூட வர ஆள் இல்லை. அது இருக்கட்டும்.

அந்த மே மாதம் எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது உலகத்துக்கே தெரியும். அதை எழுதத் தகுந்த பேனா என்னுடையது அல்ல. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடினால் ஐந்தாவதாக ஒரு போலீஸ்காரர் நின்றார் என்பதை மட்டும் சொல்கிறேன். தேர்தல் முடிந்து ஏகாம்பரத்துக்குத் துப்பாக்கி திரும்பக் கிடைத்த கையோடு ஆடி மாதமும் வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஆடித் திருவிழாவில் அவர்கள் குடும்பத்து மூத்தவர் அம்மன் கோயிலை மூன்று சுற்று அங்கப்பிரதட்சணம் செய்ய வேண்டும். கண்ணை மூடி, கையைத் தலைக்கு மேல் கூப்பி, ஈர வேட்டியோடு உருள வேண்டும். பக்கத்திலேயே நடந்து அவரை உருட்டிவிடுவது அடுத்த பங்காளியின் உரிமை. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் உரிமை உரிமைதான். அதாவது ஏகாம்பரம் கண்ணை மூடிப் படுத்திருப்பார், துலுக்காணம் குனிந்து நிற்பார், சுற்றிலும் ஜனம். உருளும்போது ஆயுதம் வைத்திருக்கத் தனி அனுமதி கேட்டு ஒரு மனு எழுதச் சொன்னார். எழுதினேன். கலெக்டர் ஆபீஸில் அதைப் பத்துப் பேர் கைமாற்றிப் படித்துச் சிரித்ததாகக் கேள்வி. அனுமதி வரவில்லை. கொண்டுபோனால் லைசென்ஸ் போகும், இந்தச் சமயத்தில் ஆளையும் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

நானும் திருவிழாவுக்குப் போயிருந்தேன். முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில், கோயிலின் பின்பக்கம் திரும்பும்போது, ஏகாம்பரத்தின் வயிற்றில் சுற்றியிருந்த துண்டு நழுவி, சேற்றில் ஏதோ தொப்பென்று விழுந்தது. கறுப்பாக இருந்தது. எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஏகாம்பரம் கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் உருள்வதை நிறுத்திவிட்டார். துலுக்காணம் அதையே பார்த்தபடி நின்றார். ஒரு மூச்சு நேரம்தான். தோளில் இருந்த துண்டை அதன் மேல் போட்டு, அப்படியே அள்ளிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் ஏகாம்பரத்தை உருட்ட ஆரம்பித்தார். பத்தடி தள்ளி நின்றிருந்த ஏட்டு, “இன்னாய்யா அது?” என்று கேட்டார். துலுக்காணம் நிமிரக்கூட இல்லை. “தேங்கா மூடி சார். ஒடம்புல குத்திடும்னு எடுத்தேன்.”

டிபன் பாக்ஸ்

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் திறக்கும் முன்பே, துலுக்காணம் கம்பெனி யூனிபார்மில் என் மேசைக்கு முன் நின்றார். மூன்றடுக்கு டிபன் பாக்ஸ் ஒன்றை என் முன்னால் வைத்தார். நடு அடுக்கில் துப்பாக்கி. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. லைசென்ஸ் இல்லாத உங்கள் கையில் இது இருப்பது பெரிய குற்றம் என்றேன். தெரியும் என்றார். ஸ்டேஷனில் கொடுத்தால் ஏகாம்பரத்தின் கதை முடிந்தது என்றேன். அதுவும் தெரியும் என்றார். எனக்கும் லைசென்ஸ் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீக்கடைப் பையனின் சைக்கிளை வாங்கி, டீக்கடைக்காரரையே பிள்ளைப்பாக்கத்துக்கு விரட்டினேன்.

ஏகாம்பரம் உடம்பெல்லாம் சிராய்ப்போடு வந்து சேர்ந்தார். மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள், ஒரு டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “தொறந்து பாத்தேன். உள்ள ஒரு குண்டு கூட இல்ல” என்றார் துலுக்காணம். ஏகாம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டே, “குண்டு வூட்ல அரிசிப் பானைல கீது. உருள்றப்போ வெடிச்சி உம்மேல பட்டுட்டா?” என்றார். துலுக்காணத்துக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டிபன் பாக்ஸைக் கவிழ்த்துத் துப்பாக்கியை மேசைமேல் தள்ளிவிட்டு, காலி அடுக்குகளைப் பூட்டினார். போகும்போது சொன்னார்: “வெட்றேன்னு சொன்னவனும் நாந்தான், ஜனத்துக்கு நடுவுல உன்ன மூணு சுத்து உருட்டினவனும் நாந்தான். இன்னும் இன்னாத்துக்குண்ணா பயந்துகினு கீற?”

வராத மறுநாள்

அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்த மார்கழிக் காலை. நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று போனவர், அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். வெட்டும் இல்லை, குண்டும் இல்லை, ஜனமும் இல்லை. வீட்டில் அவர் மனைவி மட்டும், அதுவும் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டு. கொள்ளிச் சட்டியைத் தூக்கி முன்னால் நடந்தவர் துலுக்காணம். ஏகாம்பரத்துக்குப் பிள்ளை இல்லை.

காரியம் முடிந்து அந்த அம்மாள் என்னிடம் வந்தார். லைசென்ஸ்காரர் இறந்தால் ஆயுதத்தை உடனே ஒப்படைக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருப்பதைச் சொன்னேன். வாரிசு பெயருக்குக் கேட்கலாம், எழுதட்டுமா என்றும் கேட்டேன். துணியில் சுற்றியிருந்ததை என் பக்கம் தள்ளினார். “ஒண்ணும் வேணாம்பா. அது வந்த நாள்ல இருந்து ஒரே இடுப்பு வலின்னு ராவெல்லாம் பொரண்டுகினே இருந்தாரு. கொண்டுபோய்க் குடுத்துடு.”

இருபத்தாறு வருஷத்தில் ஆயிரம் பேருக்கு ஆயிரம் காரணம் ஜோடித்து எழுதிக் கொடுத்த எனக்கு, ஏகாம்பரத்தின் கட்டத்தில் எழுத மட்டும் எதுவும் கிடைக்கவில்லை; அந்தப் படிவம் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது, கட்டம் காலி.