கொங்காடை போட்ட லென்ஸ்

சேற்றில் பைக் ஓட்டுகிறவர்களைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஓடத் தெரிந்திருக்க வேண்டும். இது எனக்கு நாற்பத்து மூன்று வயதில், மூட்டுவலி ஆரம்பித்த பிறகு தெரிந்தது.

நான் கல்யாணப் படம் எடுக்கிறவள். எங்கள் மலையூரில் ஒண்டிக்கடைப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. என் தொழிலில் லென்ஸுக்கு வரும் பெரிய ஆபத்து பன்னீர்ச் செம்பு, அதற்கடுத்தது ஐஸ்கிரீம் கையோடு ஓடி வரும் குழந்தைகள். இரண்டையும் முறைத்தே சமாளித்துவிடுவேன். போன மழைக்காலத்தில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் சேற்றுப் பந்தயம் வைத்தார்கள். வெளியூர்ப் பையன்கள் வருவார்கள், கடைசியில் உள்ளூர் ஆட்களுக்கென்று தனியாக ஒரு சுற்று உண்டு என்றார்கள். அந்தச் சுற்றுக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றவர் என் வீட்டுக்காரர்.

அவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். கொண்டை ஊசி வளைவில் லாரிக்கு மட்டுமா, எருமைக்கும் வண்டியை ஓரங்கட்டி வழிவிடுகிற மனுஷர். பேர் கொடுத்த தைரியத்தில் என்னிடம் ஒரே ஒரு படம் கேட்டார். மேட்டிலிருந்து அவர் வண்டியோடு எழும்பிப் பறக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். ஊரான் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் எடுக்கிறாய், என்னை ஒரு நாளாவது எடுத்திருக்கிறாயா என்று கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அப்படி ஒரு படத்துக்கு, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் பெரிய லென்ஸ் வேண்டும். பத்து வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பந்தயத்துக்கு மறுநாள் காலை சர்ச்சில் ஒரு கல்யாணம் வேறு. அந்தச் சாமியார் பலிபீடத்துக்குப் பக்கத்தில் எந்தக் கேமராவையும் விடமாட்டார். தாலி கட்டுவதை வாசலோரம் நின்று எடுக்க அந்த லென்ஸை விட்டால் எனக்கு வேறு கதி கிடையாது.

என் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. லென்ஸின் கண்ணாடியில் அழுக்குப் பட்டால் உடனே துடைக்கக் கூடாது. முதலில் ரப்பர் பந்தை அமுக்கி ஊத வேண்டும். அப்புறம் சுத்தமான தண்ணீர். துணி கடைசியில்தான். மண்ணோடு சேர்த்துத் துடைத்தால் கண்ணாடியில் கோடு விழும், விழுந்த கோடு ஜென்மத்துக்கும் போகாது. பதினெட்டு வருஷமாக இதைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உம் கொட்டுவார். தன் மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைக்கிற ஆளிடம் இதற்கு மேல் எதை எதிர்பார்ப்பது?

பந்தயத்தன்று தூறிக்கொண்டே இருந்தது. லாட்ஜில் குளிக்கும்போது தலைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை லென்ஸுக்குப் போட்டுக்கொண்டு பெரிய கெட்டிக்காரியாகப் போய் நின்றேன். முதல் காற்றிலேயே அது கழன்று ஒரு சில்வர் ஓக் மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அக்கா சிரித்த சிரிப்பில் எண்ணெய்ச் சட்டியே ஆடியது. அதே தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிறவர். அன்றைக்கு லீவு என்பதால் பஜ்ஜிக் கடை.

சிரித்து முடித்து ஒரு வெறும் உரச்சாக்கை எடுத்து உதறினார். மழையில் பழம் பறிக்கப் போகும்போது சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் மாட்டிக்கொள்வார்களே, கொங்காடை, அதையே சின்னதாக மடித்து என் கேமராவுக்கு மாட்டினார். முன்னால் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது. சளி பிடித்த குழந்தைக்குக் குல்லா போட்ட மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே கிறுக்குச் சந்தோஷம் பிடித்துக்கொண்டது.

வெளியூர்ப் பையன்கள் கிளம்பினார்கள். வளைவில் வெளிப்பக்கம் நிற்கக் கூடாது என்பதை முதல் வண்டி சொல்லிக்கொடுத்தது. சக்கரம் சுழற்றி எறிந்த சேறு என் காதுக்குள் போனது. உள்பக்கம் தாவினேன். இரண்டாவது வண்டி அங்கேயும் என்னைக் கவனித்துவிட்டுப் போனது. ஓடினேன், குனிந்தேன், வழுக்கி உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே எடுத்தேன். கல்யாண மேடையில் எல்லோரையும் நேராக நிற்கச் சொல்லிச் சொல்லி அலுத்த வாழ்க்கையில், யாருமே நேராக நிற்காத ஒரு நாள். வாயெல்லாம் மண், ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

லென்ஸைக் காப்பாற்ற அதன் முகத்தில் ஃபில்டர் என்று ஒரு தட்டைக் கண்ணாடி திருகியிருந்தேன். எல்லா அடியையும் வாங்கி வாங்கிக் கடைசியில் அது செம்மண் சுவராகிவிட்டது. கழுவலாம் என்று தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போதே உள்ளூர்ச் சுற்றுக்கு விசில் ஊதிவிட்டார்கள். இன்னொரு ஃபில்டர் இல்லை. தூரத்தில் என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார். ஃபில்டரைத் திருகிக் கழற்றினேன். உள்ளே லென்ஸ் பளிச்சென்று இருந்தது. நாளைக்குத் தாலி கட்டப்போகிறவர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மேட்டுக்கு நேர் எதிரே போய் மண்டியிட்டேன்.

வந்தார். எருமைக்கு வழிவிடுகிற அந்த மனுஷர் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை. மேட்டுக்கு இரண்டடி முன்னால் வண்டி ஒரு பக்கம் போனது, அவர் இன்னொரு பக்கம் போனார். நான் விரலை எடுக்கவில்லை. ஒரு கூடை சேறு நேராக என் மேலும் லென்ஸ் மேலும் வந்து அப்பியது.

நான் எழுந்தபோது அவர் குப்புறக் கிடந்தார். அசையவில்லை. கேமராவைப் பஜ்ஜிக்கார அக்காவின் கையில் திணித்துவிட்டு ஓடினேன். அந்த நிமிஷத்தில் லென்ஸ் இருந்தால் என்ன போனால் என்ன.

"ஏனுங்க, ஏனுங்க, என்னைப் பாருங்க" என்று தோளைப் பிடித்துப் புரட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் முகம் முழுக்கச் சேறு. ஒரு கண் மட்டும் திறந்தது. அது என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தது. திரும்பினால், அக்கா பாவம், நல்ல மனசோடு முந்தானையைச் சுருட்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"தொடச்சுப்போடாதீங்கக்கா" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். அடிபட்ட ஆளின் குரலா அது! "மொதல்ல ஊதோணும். அப்பறம் தண்ணி. துணி கடைசிலதானுங்க."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருஷத்து உம் ஒவ்வொன்றும் காதில் வாங்கிக் கொட்டியதுதான். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

ஊதினேன், கழுவினேன், கடைசியில் துணியால் ஒற்றினேன். ஒரு கோடுகூட விழவில்லை. மறுநாள் சர்ச் வாசலோரத்திலிருந்து தாலி முடிச்சுகூடத் தெளிவாக விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவர் தன் படத்தைக் கேட்டார். காட்டினேன். படம் முழுக்கப் பறந்து வரும் சேறு. அதற்குப் பின்னால் ஒரு ஹெல்மெட், அதற்குள் அகல விரிந்த ஒரு கண். சேற்றைத் தவிர அதில் எதுவும் பறக்கவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே குனிந்து பார்த்தார்.

"கண்ணு நொம்பத் தெளிவா உளுந்திருக்குது" என்றார்.

ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களுக்கு நடுவில் அதைத்தான் பெரிதாக மாட்டியிருக்கிறேன்.