சம்மந்தியம்மாவுக்கு ஒரு பாட்டில் கடல்

தருமபுரியிலிருந்து வந்திருந்த சம்மந்தியம்மாவுக்கு, அதாவது என் மருமகளின் தாயாருக்கு, ஒரு பாட்டில் கடல் தண்ணீர் வேண்டும். புதிதாக வீடு கட்டியிருக்கிறார். குடிபோகும் முன் மூலைக்கு மூலை தெளித்தால் திருஷ்டி அண்டாதாம். ராத்திரி பஸ்ஸில் அவர் ஊர் திரும்ப வேண்டும். மருமகள் கூட வருவதாகச் சொன்னாள். வில்லியனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாய்ப் பாண்டி மார்க்கெட்டில் காய் வாங்குகிறேன், எனக்கு வழிகாட்ட ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பாண்டியில் போய் இறங்கினோம். கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. யாராவது பெரிய தலை போய்விட்டதா, கடையடைப்பா என்று சம்மந்தியம்மா கவலையாகக் கேட்டார். எங்கள் ஊரில் கடைக்காரருக்கும் மத்தியானத் தூக்கம் உண்டு என்று பெருமையாகவே சொன்னேன்.

வாய்க்காலைத் தாண்டினால் வெள்ளைக்காரர் தெருக்கள். கோடு போட்டாற்போல் நேராக இருக்கும், அதுதான் தொல்லை. ஒன்றைப் போலவே இன்னொன்று. பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஒரு மஞ்சள் சுவரோரம் படம் பிடித்துக்கொண்டிருந்த பெண் எங்களைத் தள்ளி நிற்கும்படி கை காட்டினாள். கூப்பிடுகிறாள் என்று நினைத்து சம்மந்தியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்திலேயே போய் நின்றார். படத்தில் நன்றாகத்தான் விழுந்திருப்பார்.

கொஞ்ச தூரம் போனதும், "இதே சொவுத்த அப்பவே பாத்தமே சம்மந்தி" என்றார்.

"அது வேற மஞ்சள்" என்றேன்.

ஒருவழியாகக் கடல் வந்தது. கரை முழுக்கக் கருங்கல். எனக்குக் கடல் என்றால் நின்று காற்று வாங்குவது, அவ்வளவுதான். தொடவேண்டும் என்று தோன்றியதே இல்லை. சம்மந்தியம்மா பாட்டிலோடு ஒரு கல்லில் கால் வைத்தார். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் விசில் ஊத, காலை எடுத்துவிட்டார்.

"இவ்ளோ தண்ணி கெடக்குது. ஒரு பாட்டலுக்கு வழியில்லையே" என்றார். முகம் வாடிப்போயிருந்தது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் என் ஊரில் கடலுக்கு நான் வழி கேட்பதா? சுண்டல் விற்ற பெண்ணிடம் போய், யாருக்காகவோ கேட்பதுபோல, தண்ணீரில் கால் வைக்க எங்கே தோது என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த ஊரு ஆயா நீங்க?"

பின்னாலிருந்து சம்மந்தியம்மாவின் குரல் வந்தது. "தருமபுரிம்மா. ரெண்டு பேருமே."

தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் இருக்கிறது, இப்படியே நேராகப் போங்கள் என்றாள் அவள். தருமபுரிக்காரி ஆனபிறகு எனக்குக் கூச்சமே விட்டுப்போயிற்று. கடலுக்குள் துருப்பிடித்து நிற்கும் கம்பங்கள் எதற்கு, அந்த உயரமான கட்டடம் என்ன என்று, இத்தனை வருஷம் யாரிடமும் கேட்காததையெல்லாம் போகிற வருகிறவரிடம் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

மணலில் இறங்கினோம். முதல் அலையில் பாட்டிலுக்குள் பாதி மணல்தான் வந்தது. கொட்டிவிட்டு, முழங்கால் வரை நனைந்து, மறுபடி பிடித்தார் சம்மந்தியம்மா; விழாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் நனைந்தேன். நிறைந்ததும் மூடியை இறுக்கித் திருகி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகள், வழியெல்லாம் சரியாகத் தெரிந்ததா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் அம்மா முந்திக்கொண்டார். "ஒம் மாமியாருக்குத் தெரியாத எடமாடி."

ஈரச் சேலையை மாற்றிக்கொள்ளப் போனேன்.