ரயிலுக்குக் காத்து நின்ற பஸ்

மதராஸில் சில வருஷம் டிராம் ஓட்டிவிட்டு வில்லியனூருக்குத் திரும்பினேன். மதராஸ் தண்ணீர் என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே திருக்கனூர் போகும் பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தது.

முதல் நாளே எனக்குப் பொறுக்கவில்லை. ரயில் நிற்பது ஸ்டேஷனில். பஸ் புறப்படுவது கடைத்தெருவில். மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் ஓடி வருவதற்குள் பஸ் போய்விடும். ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸை நிறுத்தக் குதிரை வண்டி ஓட்டும் ஜட்காக்காரர்கள் விடமாட்டார்கள். மதராஸிலோ டிராம் நிற்கும் இடத்திலேயே ஜட்காவும் நிற்கும். தண்டவாளம் இல்லாத தெருக்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும். இங்கே மட்டும் ஏன் முடியாது?

பஸ் முதலாளியிடம் கேட்டேன். "நீயே அவங்ககிட்ட பேசிக்கோ," என்றார்.

மறுநாள் பஸ்ஸை நேராக ஸ்டேஷன் வாசலுக்கு ஓட்டிப்போனேன். ஜட்காக்காரர்களில் மூத்தவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்.

"இன்னாபா, எங்க வயித்துல அடிக்க வந்தியா?"

"இல்லண்ணே. அரியூரு, பக்கத்து ஊரு ஆளுங்கள்லாம் உங்களுக்குத்தான். ஒருத்தரையும் ஏத்தமாட்டேன். திருக்கனூரு போறவங்கள மட்டும் எனக்கு வுடுங்க. அங்கேருந்து வர்றவங்கள இங்கியே எறக்கறேன், நீங்க ஏத்திக்குங்க."

அவர் கடிவாளத்தை இழுத்தார். வண்டியை ஓரங்கட்டினார்.

அடுத்த சங்கடம் ரயில் தாமதமாக வந்த அன்று. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். முதலாளியே வந்துவிட்டார்.

"வண்டிய எடுடா!"

எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "ரயிலு வரட்டும்ங்க."

"நாளைக்கும் இப்பிடி லேட்டா வந்தா?"

"நாளைக்கும் நிப்பேன்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ரயில் வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். பஸ் நிற்பதைப் பார்த்ததும் ஓடி வந்தவள் நிதானமாக நடந்தாள். முன்னால் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். முதலாளி அவளுடைய கூடையை வாங்கி மேலே ஏற்றினார். அதன் பிறகு ரயில் வராமல் பஸ்ஸை எடுக்கச் சொன்னதே இல்லை.

உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனபோது பஸ் ஷெட்டிலேயே முடங்கியது. திருக்கனூர் ஆட்கள் ஸ்டேஷனில் தவித்தார்கள். அந்த மூத்த ஜட்காக்காரரிடம் போனேன்.

"அவ்ளோ தூரம் ஒரே குதிர இழுக்காதுபா. நடுவுல வேற குதிர மாத்தினா போவலாம்," என்றார்.

வழியில் குதிரை கட்ட இடம் பார்க்க, அன்றைக்கே அவர் வண்டியில் இரண்டு பேரும் கிளம்பினோம்.