நல்ல வெல்லம் என்று பெயர் வைத்தோம்

வெல்லம் விற்கிறவளுக்கு வாய் இனித்தால் போதாது, நெஞ்சு கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். சொந்த ஊர்ச் சரக்கைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும். மற்றவர்களும் கேளுங்கள்.

நான் ஆந்திர எல்லையோரம் நகரியில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தது சித்தூர்ப் பக்கம் புத்தலப்பட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கரும்பு ஊருக்கு. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போவது நின்ற பிறகு, என் கணவரின் அண்ணன் தனபால் மாமா ஊர்க் கரும்பைப் பிழிந்து வெல்லம் காய்ச்ச ஒரு கொட்டகை போட்டார். விற்கும் வேலை என் தலையில் விழுந்தது. இந்தப் பருவத்து வெல்லம் போகாவிட்டால் கரும்பை அழித்துவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதென்று வீட்டுக்கு வீடு பேசி முடித்திருந்தார்கள்.

கண்ணால் வாங்குகிறவர்கள்

மாமா வெளுக்கிற பவுடரைத் தொடமாட்டார். வெண்டைத் தண்டை நசுக்கிப் போட்டு அழுக்கை எடுப்பதோடு சரி. அதனால் எங்கள் வெல்லம் பழைய புளி நிறத்தில் இருக்கும். சுக்கும் ஏலமும் தட்டிப் போடுவதால் வாசனை தூக்கும். வாசனையைக் கண்ணால் பார்க்க முடியாதே, அதுதான் வம்பு.

சித்தூர் மார்க்கெட்டில் ஒரு தமிழ்க் கடைக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன். இன்னொரு துண்டையும் எடுத்துத் தின்றுவிட்டு, மஞ்சள் வெல்லம் அடுக்கியிருந்த பக்கம் கையைக் காட்டினார். "ருசியெல்லாம் சரிதாம்மா. வர்றவன் கண்ணாலதானே வாங்குறான். மஞ்சளா எட்த்துக்கினு வா, நான் வேணான்னா சொல்லப்போறேன்?"

கொட்டகையில் பெயர் வைத்தது

திருப்பதியில் இயற்கை உணவுக் கடைக்காரர் ஒருவர் கடைசியில் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் லோடு வந்தால் வைத்துப் பார்க்கிறேன், போனால் மாதாமாதம் எடுக்கிறேன், ஆனால் பையில் பெயர் இருக்க வேண்டும் என்றார். கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தோம். நல்ல வெல்லம் என்றே போடு, வேறு என்ன வேண்டும் என்றார் மாமா. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எல்லா ஊர்க்காரரும் படிக்கட்டும் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கக் கொடுத்தோம்.

அச்சடிப்பவர் தெலுங்குக்காரர். பெயரைப் பார்த்துவிட்டு, இதையேவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல இவரிடம் உத்தரவு வாங்க வேண்டுமா? இதையேதான் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "சரக்கு உங்களுது, பேரும் உங்களுது. அப்புறம் என்னை கேக்கக்கூடாது."

தார்ப்பாய் விலகியது

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் சேகரின் லோடு ஆட்டோவில் கிளம்பினோம். பாதி வழியில் போலீஸ் சோதனை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெல்லத்துக்கு மழைதான் எமன். அதிகாரி தார்ப்பாயை விலக்கச் சொன்னார், ஒரு பையை எடுத்துப் படித்தார், முகம் மாறியது. மூட்டைகளையெல்லாம் கீழே இறக்கச் சொன்னார்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. தமிழில் நல்ல என்றால் நல்லது. தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. கறுப்பு வெல்லம் என்றால் இந்தப் பக்கத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சுகிற வெல்லம். பொழுது விடிந்தால் இரண்டு மொழியிலும் பேசிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. அத்தனை பேர் வாயிலும் அந்த ஒரு சொல் தமிழாகவே இருந்துவிட்டது. இது சமையலுக்கு சார் என்று நான் சொல்லச் சொல்ல, கறுப்பு வெல்லம் என்று நீங்களேதானே எழுதியிருக்கிறீர்கள் என்று பையை என் முகத்துக்கு நேரே பிடித்துத் தெலுங்கில் கேட்டார். "நல்ல பெல்லம் அனி மீரே ராசுகுன்னாரு கதா?"

கொதிக்கிற பால்

பக்கத்தில் ஒரு டீக்கடை. சாராய வெல்லத்தை வாயில் வைக்க முடியாது சார், இதில் டீ போட்டுக் குடித்துப் பாருங்கள் என்றேன். வாய் முந்திக்கொண்டது. டீக்கடைக்காரர் பாலை இறக்கி வைத்துப் போடுவார் என்று பார்த்தால், கொதிக்கிற பாலிலேயே ஒரு துண்டைப் போட்டுவிட்டார். அப்படிப் போட்டால் சுத்தமான வெல்லம்கூடச் சில நேரம் பாலைத் திரித்துவிடும். அடுப்படியில் நின்றவர்களுக்கு என் பாடு தெரியும். தடுத்தால் சந்தேகப்படுவார்கள், விட்டால் எல்லாம் போய்விடும். தூறல் விழ ஆரம்பித்தது. சேகர் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூட்டைகள்மேல் படுக்காத குறை. நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெங்களூர் பஸ் கண்முன்னால் வந்துபோனது.

பால் பொங்கியது, திரியவில்லை. அதிகாரி நிதானமாகக் குடித்தார். எங்கள் ஊரைப் பற்றிப் போனில் விசாரித்தார். பெயரை மாற்றாமல் இனி இந்த ரோட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. டீக்கடைக்காரர் நம் தமிழ் ஆள்தான். கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அழாதம்மா, பாலு நல்லாத்தான் கீது. உங்க பேருதான் திரிஞ்சி பூட்ச்சி."

மதியம் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம்

திருப்பதிக் கடையில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் வேறு சரக்கை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரச் சேலையோடு நின்று நடந்ததைச் சொன்னேன். சொன்ன நேரம் சொன்ன நேரம்தான் என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. மூட்டையைத் தூக்கக் குனிந்தேன்.

பில் போட நின்றிருந்த ஓர் அம்மா முழுக் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூட்டைமேல் கையை வைத்தார். "போலீஸே டீ போட்டுக் குடிச்சிப் பார்த்த வெல்லமா? எனக்கு ரெண்டு பை குடுங்க, மீதியை அவர் வெச்சிப்பார்."

புதுப் பை

அவர் வைத்துக்கொண்டார். மாதாமாதம் எடுக்கிறார். யாரும் கரும்பை அழிக்கவில்லை. பெயர் விஷயத்தில் மட்டும் மாமா வாய் திறப்பதில்லை. இனி வம்பே வேண்டாம் என்று, நல்லது என்பதற்குத் தெலுங்கில் என்ன சொல்வார்களோ அதையே அதே இங்கிலீஷ் எழுத்தில் போட்டோம்: மஞ்சி பெல்லம். அச்சடிப்பவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அடித்துக் கொடுத்தார்.

அந்தத் தைரியத்தில் பழைய சித்தூர் கடைக்காரரிடமே போனேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பையைப் பிரித்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மஞ்ச வெல்லம்னு எழுதிக்கினு வந்து கறுப்பா குடுக்கிறியேம்மா, இது நாயமா?"

எப்படியோ அடுப்பு அணையாமல் எரிகிறது, அதில் காய்ச்சுவதற்கு ஒரு பெயர் வைக்கத்தான் எங்களுக்குத் தெரிந்த இரண்டு மொழியும் போதவில்லை.