முழங்கைப் பலகை

என் தச்சுப் பட்டறைச் சுவரில் ஒரு பலகை சாய்ந்து நிற்கிறது. மேலே பழைய பருத்திச் சேலைத் துண்டு சுற்றி ஆணி அடித்திருக்கிறது. துணி இரண்டு இடத்தில் மட்டும் தேய்ந்து மினுங்குகிறது. தர்மபுரத்தில் சனங்களுக்குக் கணினியில் மனு ரைப் பண்ணிக் கொடுத்த அக்கா, கைகளை ஊன்றிய இடங்கள் அவை.

அக்காவின் இடுப்பில் சண்டையில் பாய்ந்த ஷெல் குண்டின் துண்டு இருந்தது. கதிரையில் கனநேரம் இருக்க ஏலாது. நின்றபடி ரைப் பண்ண உயரமான மேசை வேண்டும் என்று என்னிடம் வந்தார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அளவு பிழையாகிவிடுமோ என்ற பயத்தில் எதையும் மூன்று தரம் அளப்பவன். கையை மடிக்கச் சொல்லி, நிலத்திலிருந்து முழங்கை வரை மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் அவர் காலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த தடித்த செருப்பு இருந்தது.

சில மாதம் கழித்து, காணாமல் போன என் அண்ணனுக்காக மனு எழுதப் போனேன். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே வெறுங்காலோடு, தோள் இரண்டையும் காதுவரை உயர்த்தி, கைகளுக்கு ஊன்ற இடமில்லாமல் ரைப் பண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் வலது கையை உதறினார்.

"மேசை உயரமோ அக்கா?"

"கொஞ்சம். பழகிட்டுது."

"செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோவன்."

"சனம் பிள்ளையளைத் தேடி அழுதழுது சொல்லுறதை எழுதுற இடமடா. செருப்போட நிக்க மனம் வராது."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ ஒரு கிழமைக்குச் சோறு தின்னமாட்டாய்," என்று சிரித்தார். பிறகு என் மனுவை முடிக்கும்வரை நிமிரவில்லை.

அடுத்த நாள் மேசைக்கால்களை இரண்டு விரல் அளவு அறுத்தேன். விசைப்பலகையை உள்ளே தள்ளி, முன்விளிம்பில் இந்தப் பலகையைப் பூட்டினேன். முன்கைகளை அதில் வைத்ததும் அவர் தோள்கள் மெல்ல இறங்கின. ஆனால் வலது கையில் இரண்டு விரல்களின் விறைப்பு கடைசிவரை போகவில்லை. மிச்ச விரல்களால்தான் அத்தனை வருடமும் ரைப் பண்ணினார்.

போன வருடம் அக்கா காலமானார். மேசையைக் கழற்றிய மகள், "அம்மா இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவா" என்று பலகையைத் தந்தார்.

இப்போது மேசைக்கு அளவு கொடுக்க வருபவர்களிடம், எங்கே வைத்து வேலை செய்வீர்கள், காலில் செருப்பு இருக்குமா என்று முதலில் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். கேட்காமல் என்னால் அளவு நாடாவை விரிக்க முடிவதில்லை.

அந்தத் தேய்ந்த துணியை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். எத்தனையோ பேரின் மனுவால் அது தேய்ந்திருக்கிறது. என் அண்ணனுடையது இந்தப் பலகை வருவதற்கு முந்தியது.