எங்கள் சம்மரி நிறைவேற்றிய தீர்மானம்

இரண்டாவது உலகச் சண்டை முடிந்திருந்தது, அரிசிக் கூப்பன் மட்டும் முடியவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஆறு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றாக இருந்தோம். இப்படிக் கலியாணமாகாதவர்கள் கூடியிருக்கும் வீட்டைச் சம்மரி என்போம். பகல் முழுக்கக் கந்தோரில் கோப்புக் கட்டுவது போதாதென்று வீட்டிலும் எங்களுக்குத் தலைவர், செயலாளர், கூட்டக் குறிப்பு எல்லாம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மீனா இறைச்சியா என்றாலும் ஒருவர் பிரேரிக்க வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். செயலாளர் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

என் அறையில் இருந்தவன் துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்தான். வாய் என்றால் அப்படியொரு வாய். அவனுடைய துரை வெற்றிலை போட்டவனைக் கண்டால் எப்படி முகம் சுளிப்பார் என்று நடித்துக் காட்டினால் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் சோறு விழுங்க முடியாது. அவன் ஒரு நாள் வேலைக்குப் புறப்படும்போது குடையைத் தேடினான். "மச்சான், அதை எடு, அந்த... மழைக்குப் பிடிக்கிறது" என்றான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும் சிரித்தான். பிறகு அடிக்கடி சொற்கள் தவறின, தலையிடி வந்தது. ஒரு காலை, சாப்பிட எடுத்த பாண் துண்டைக் கையில் பிடித்தபடியே வலிப்பு வந்து விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் மண்டையில் சின்னத் துளை போட்டு, மூளையில் அரிசியளவு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். முடிவைக் கேட்க நான்தான் போனேன். சத்திரசிகிச்சை வைத்தியர் தமிழர், ஆனால் இங்கிலீசில்தான் பேசுவார். நான் விளங்காமல் விழித்ததைக் கண்டு தமிழுக்கு வந்தார்.

"கட்டி எண்டு சொல்லுறம். ஆனால் கட்டியா ஒண்டும் இல்லை. மை ஒற்றுற தாளிலை மை ஊறினா எப்பிடி? அப்பிடித்தான் மூளை முழுக்கப் பரவியிருக்கு. நான் கண்டதே இது இரண்டாவது."

எனக்கு எதையும் நோண்டிப் பார்க்கிற குணம். பயத்தை விட ஆச்சரியம்தான் முதலில் வந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் திட்டலாம். கட்டியில்லாத கட்டியா? அதை எப்படி வெட்டுவது? வெட்டி எடுக்க முடியாது என்றார். மண்டையோட்டில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும், ஆனால் அது ஆபத்தான வேலை. படம் எடுக்க அல்ல, நோயைச் சற்று அடக்க, ஆழமாகப் பாயும் எக்ஸ்ரே கதிரைத் தலைக்குப் பிடித்துப் பார்க்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் வலிப்புக்கும் தலையிடிக்கும் மருந்து. எதுவும் நோயை மாற்றாது. "ஆளுக்கு இப்ப சொல்ல வேண்டாம், வீட்டாக்களோடை யோசிச்சு வந்து சொல்லுங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டாட்கள் என்றால் ஊரில் தாய் ஒருத்திதான். மனுசி பயந்துவிடும், முடிவு எடுத்த பிறகு அறிவிப்போம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவனிடம் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்தோம். நான் புறக்கோட்டையில் பழைய புத்தகக் கடையொன்றில் தடித்த வைத்தியப் புத்தகம் ஒன்றைப் பிடித்து, பத்திரிகைத் தாளில் அட்டை போட்டு மறைத்து வைத்துப் படித்தேன். அதிலிருந்த படங்களில் எல்லாக் கட்டியும் எலுமிச்சங்காய் மாதிரி உருண்டையாக இருந்தது. இவனுடையது எந்தப் படத்திலும் இல்லை.

பிறகு கூட்டம் கூட்டினோம். எப்படிக் கூட்டினோம் என்கிறீர்கள்? ஒழுங்குப்படிதான்! முதல் கிழமை தலைவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார், ஒத்திவைத்தோம். இரண்டாம் கிழமை ஒருவர், "கப்பலிலை சீமைக்கு அனுப்பினால் என்ன?" என்று கேட்டார். அதை விசாரித்து வரும்வரை மறுபடி ஒத்திவைத்தோம். கப்பலில் இடம் கிடைக்க மாதக்கணக்காகும் என்று தெரிந்தது. மூன்றாம் கிழமை, அவன் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்த ஒரு பின்னேரம், வாக்கெடுத்தோம். மண்டையைத் திறக்க மூன்று, எக்ஸ்ரேக்கு இரண்டு. என் வாக்கு திறப்பதற்கு விழுந்தது. ஏன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று அறிய எனக்கு ஆசை.

தீர்மானத்தை எழுதிவிட்டேனே தவிர மனம் ஒரு நிலையில் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரி வாட்டுகளில் மருந்து கொடுத்தே தலை நரைத்தவர். மறுநாள் அவரிடம் போய்ப் புத்தகத்தையும் என் குறிப்புகளையும் விரித்து வைத்து ஒரு மணித்தியாலம் குடைந்தேன். எக்ஸ்ரே பிடித்தால் தலைமயிர் கொட்டுமா? பேதி உப்பைக் கரைத்துக் கொடுக்கிறார்களாமே, மூளைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? உடம்பிலிருந்து நீரை இழுத்தால் மூளையின் வீக்கமும் சற்று வற்றும், தலையிடி குறையும், அவ்வளவுதான் என்றார். பொறுமையான மனிதர். எல்லாம் சொல்லி முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, இவ்வளவும் விசாரிச்சீங்க. நோயாளி என்ன சொல்றார்?"

நான் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தேன். டிராமில் திரும்பி வரும்போது யோசித்தேன். வைத்தியரைக் கேட்டோம், புத்தகத்தைக் கேட்டோம், கப்பல் கம்பனியைக்கூடக் கேட்டோம். சை!

வீட்டுக்கு வந்ததும் அவனை இருத்தி, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கூட்டக் குறிப்புப் புத்தகத்தையும் கையில் கொடுத்தேன். மெல்ல வாசித்தான். இடையிடையே விரலால் சொல்லைத் தொட்டுத் தொட்டு நிறுத்தினான். கடைசியில் நிமிர்ந்து, "என்னைப் பற்றின கூட்டம். எனக்கு... எனக்கு நோட்டீஸ் வரேல்லையே, மச்சான். உந்தத் தீர்மானம் செல்லாது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அழுதுவிட்டேன்.

அடுத்த நாள் வைத்தியரிடம் இருவருமாகப் போனோம். நான் கேட்காத கேள்வியை அவன் கேட்டான். "எது முதல் போகும், டொக்டர்?"

வைத்தியர் தயங்கி, "கதை. வாய்ப் பேச்சு" என்றார்.

"எவ்வளவு நாளிலை?"

"கிழமைகள். ஏற்கெனவே போகத் தொடங்கீட்டுது."

"மண்டையைத் திறந்தால்?"

"அதுக்கு முந்தியும் போகலாம்."

அவன் என் பக்கம் திரும்பினான். "அம்மாவுக்கு நான் ஒண்டு சொல்லக் கிடக்கு, மச்சான். அவவுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் போட்டால் ஆரோ ஒருத்தன்தான் வாசிச்சுச் சொல்லுவான். அது... அது சரிவராது. நான் வாயாலை சொல்ல வேணும்." முதலில் தாய், பிறகு எக்ஸ்ரே, மண்டையைத் திறப்பது வேண்டாம். ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டான்.

அன்றே தந்தி அடித்தோம். தந்தி கிடைத்து, துணைக்கு ஆள் பிடித்து, தாய் கோட்டை ஸ்டேஷனில் வந்து இறங்க நான்கு நாளாயிற்று. அந்த நான்கு நாளில் அவன் பல்லுத்தேய்க்கும் பிரஷ்ஷையும் "அது" என்றான், என்னையும் "அது" என்றான். கட்டிலில் இருந்து தனக்குத்தானே முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தான். நான் போனால் நிறுத்திவிடுவான்.

தாய் முன்னறையில் அவனுக்கு எதிரே இருந்தார். அவன் தாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் உங்களுக்கு ஒரு..." என்று தொடங்கினான். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி "அம்மா, நான்" என்றான். நெற்றி நரம்பு புடைத்தது. கழுத்து வியர்த்தது. நான் கதவோரம் நின்று, ஒரு சொல், கடவுளே ஒரு சொல் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். தாய் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்து, "விளங்குது ராசா, எனக்கு எல்லாம் விளங்குது, நீ அலட்டிக்கொள்ளாதை" என்றார். அவன் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். தாய்க்கு விளங்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

எக்ஸ்ரே பிடித்தார்கள். தலைமயிர் கொட்டியது, தலையிடி குறைந்தது, சில மாதம் அமைதியாக இருந்தான். சொல் திரும்பவில்லை. அடுத்த மாரி தொடங்குமுன் போய்ச் சேர்ந்தான்.

பிறகு நான் எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன். அந்த நோய் எப்படிப் பரவுகிறது, மூளையின் எந்தப் பக்கத்தில் பேச்சு இருக்கிறது என்றெல்லாம் என்னைக் கேட்டால் சொல்லுவேன். அன்று அவன் தாயிடம் என்ன சொல்ல வந்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நாங்கள் ஒழுங்குப்படி ஒத்திவைத்த அந்த மூன்று கிழமையும் அவனால் அதைச் சொல்ல முடிந்திருக்கும்.