ஊசிக்குச் சல்லியா?

நான் ஒரு முட்டாள். இதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. என்றாலும் இந்த வாரம் நானே முந்திக்கொள்கிறேன்.

போன ஞாயிறு என் ஃபோனுக்கு ஒரு மெசேஜ். 'உங்கள் குழந்தைக்கு ஒன்பது மாத ஊசி. செவ்வாய் காலை கிளினிக்குக்கு வரவும். உரிய நாளில் வந்தால் உதவித்தொகை வழங்கப்படும்.'

எனக்குக் குழந்தையா? என் ஒரே மகன் கனடாவில் தலைக்குச் சாயம் பூசத் தொடங்கிவிட்டான்!

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: "ஆரப்பா இந்தப் பிள்ளை?"

"இது மோசடி! ஊசி போடவும் ஆராவது சல்லி குடுப்பினமே?"

"அதுக்கேன் உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?"

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்காரரின் ஃபோன் குரூப்பில் எழுதினேன்: 'புதுவகை மோசடி! ஊசிக்குச் சல்லி என்று மெசேஜ் வந்தால் நம்பாதீர்கள். எல்லோருக்கும் அனுப்புங்கள்.' கட்டைவிரல்கள் குவிந்தன. நாட்டைக் காப்பாற்றிய களைப்பில் ஒரு பிளேன்டீ குடித்தேன்.

வியாழக்கிழமை அதே எச்சரிக்கை, கொட்டாஞ்சேனை மச்சானிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. 'பொலிஸ் அறிவித்தல்' என்று தலைப்பு வேறு!

மறுநாள் செல்வி வந்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கட்டடத்தில் மூன்று வீடுகளைத் துடைத்துத் தருபவள். மற்ற நாட்களில் வேறு கட்டடங்கள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வருவாள்.

"சார், கிளினிக்ல இருந்து மெசேஜ் ஏதும் வந்துச்சா?"

"என்ன மெசேஜ்?"

"பாப்பாவோட ஊசிக்கு. என் ஃபோன் தண்ணியில விழுந்தப்ப, உங்க நம்பர குடுக்கவான்னு கேட்டேனே. ஓம் ஓம்னு சொன்னீங்களே சார்."

சொல்லியிருப்பேன். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடும்போது என் சிறுநீரகத்தைக் கேட்டிருந்தாலும் 'ஓம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

"வந்தது... செவ்வாய் வரச் சொல்லி. ரெண்டு மூண்டு நாள் பிந்தினா என்ன?" என்றேன், அசடு வழிய.

"எங்க லேன்ல ரெண்டு புள்ளைங்களுக்குக் காய்ச்சலோட சின்னமுத்து போட்டிருக்கு சார். அது வராமத்தான் இந்த ஊசி."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் த்ரீவீல் பிடிக்க ஓடினேன்.

நல்ல காலம், வெள்ளியும் கொட்டாஞ்சேனையில் கிளினிக் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். "பிந்தினாலும் போடலாம்" என்றார் மிட்வைஃப் மிஸ். "ஆனா நாள் தவறினதால உதவித்தொகை இல்லை. இந்தக் கிழமை கனபேர் வரேல்ல. ஆரோ ஒரு விசரன் இது மோசடி எண்டு அனுப்பியிருக்கிறான்."

சுவரில் இருந்த தாய்ப்பால் போஸ்டரை நான் மிகக் கவனமாக வாசித்தேன்.

ஊசி போட்டாயிற்று. குழந்தை என்னைப் பார்த்துத்தான் அழுதது. நியாயம்தானே? செல்வியிடம் மெதுவாகக் கேட்டேன்: "சல்லி தராட்டி வரமாட்டீங்களோ?"

"வருவோம் சார். ஆனா கிளினிக்கு வந்தா அன்னைக்குச் சம்பளம் இல்ல. அந்தச் சல்லி கெடைச்சா அன்னைக்கும் அடுப்பு எரியும்."

மோசடி இல்லையென்றதும், நான் அதை லஞ்சம் என்றல்லவா நினைத்தேன்! முந்தைய ஊசிக்காக ஒரு வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அன்றைய சம்பளத்தை நாங்கள் கொடுக்கவும் இல்லை. பிள்ளைக்கு ஊசி என்று தாய்க்கு ஞாபகமூட்ட ஃபோன் இருக்கிறது. அவளுடைய சம்பளத்தை வெட்டாதே என்று எனக்கு ஞாபகமூட்ட...?

அன்றைய சம்பளத்தோடு அந்தப் பழைய வெள்ளிக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று குரூப்பில் எழுதினேன்: 'மன்னிக்கவும். அந்த மெசேஜ் உண்மை. பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.' ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை. மச்சானுக்கும் அனுப்பினேன். உடனே பதில்: 'அத்தான், உங்கட ஃபோனை ஆரோ ஹேக் பண்ணிட்டாங்கள்!'

பொய்க்குக் கால் முளைக்க ஒரு பிளேன்டீ நேரம் போதும். உண்மையை நாம்தான் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். செல்வி அதைத்தான் செய்தாள். லேன் வாசலில் இறங்கியதும், ஊசி போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் கதவைத் தட்டினாள்.

நான் த்ரீவீலுக்குள் இருந்து தலையை நீட்டினேன். "செல்வி, அடுத்த ஊசிக்கும் என்ட நம்பரே இருக்கட்டும். இனி மறக்கமாட்டன்!"

"உங்க வீட்டு அம்மா நம்பர குடுத்துட்டேன் சார்."